கதவுகள் மூடியபோதும் கணக்கை விடாதவர்: புள்ளியியல் மேதை ஆபிரகாம் வால்ட்

1950-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. பம்பாயில் இருந்து கோயம்புத்தூர் வழியாகத் திருவனந்தபுரம் செல்ல வேண்டிய ஏர் இந்தியா விமானம் ஒன்று, நீலகிரி மலையில் கோத்தகிரிக்கு அருகே மோதி நொறுங்கியது. அதில் இருந்த ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இறந்தவர்களில் ஒரு வெளிநாட்டுத் தம்பதியும் உண்டு. கணவரின் பெயர் ஆபிரகாம் வால்ட். வயது 48. நியூயார்க் நகரில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் துறைத் தலைவர். இந்திய அரசாங்கத்தின் அழைப்பை ஏற்று, நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவு ஆற்ற வந்திருந்தார்.

இன்று உலகின் எந்த மூலையில் புள்ளியியல் படிப்பவரும் வால்டின் பெயரைப் படிக்காமல் பட்டம் வாங்க முடியாது. அப்படிப்பட்டவருக்குப் பள்ளியில் இடம் இல்லை. பல்கலைக்கழகத்தில் எளிதில் இடம் கிடைக்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு உத்தியோகமும் இல்லை. ராமானுஜன் பரீட்சையில் தோற்ற கதையை நம் வீடுகளில் அடிக்கடி சொல்கிறோம். நம் மலையில் வந்து மடிந்த வால்டின் கதை நம்மில் பலருக்குத் தெரியாது.

அதைச் சொல்ல இது ஏற்ற நேரம். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையில் தமிழர்கள் வாழும் பகுதிகளில், கணிதத்திலோ புள்ளியியலிலோ பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சிலர் மேற்படிப்புக்காகக் கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதுகிறார்கள். சிலர் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போடுகிறார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் தனிக் கட்டணம். பேராசிரியர்களிடம் நடையாய் நடந்து வாங்கிய சிபாரிசுக் கடிதங்கள். பிப்ரவரி, மார்ச்சில் பதில்கள் வரத் தொடங்கும். மனுச் செய்தவர்கள் அதிகம், இடங்கள் குறைவு, வருந்துகிறோம் என்று எல்லாப் பதில்களும் ஒரே மாதிரி இருக்கும்.

முதல் பதிலைப் பிள்ளை பெற்றோரிடம் காட்டும். நான்காவது பதிலைக் காட்டாது. மாடிப்படியில் அண்டை வீட்டார் எதிர்ப்பட்டால், என்ன ஆயிற்று என்று கேட்டுவிடுவார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போகும். அப்படிப்பட்ட வீடுகளுக்காக இந்த வாழ்க்கை வரலாறு.

சனிக்கிழமைப் பள்ளிக்கூடம்

1902-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி, கொலோஸ்வார் என்ற நகரில் வால்ட் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்திருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியாவின் வசமாகி, குளூஜ் என்று வழங்கப்பட்டது.

ஆசாரம் மிகுந்த யூதக் குடும்பம். பாட்டனார் பெயர் பெற்ற யூத மத குரு. தந்தை, சமய விதிப்படி ரொட்டி சுடும் தொழில் செய்தவர். யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். அன்று எழுதக்கூடாது, வேலை செய்யக்கூடாது. ஹங்கேரியப் பள்ளிக்கூடங்களோ சனிக்கிழமையும் நடந்தன. ஒன்று ஆசாரத்தை விட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை விட வேண்டும். குடும்பத்தார் பள்ளியை விட்டார்கள்.

ஆகவே சிறுவன் வால்ட் வீட்டிலேயே படித்தான். அண்ணன் மார்ட்டின்தான் முக்கியமான வாத்தியார். மார்ட்டின் பின்னாளில் திறமையான மின்சார என்ஜினீயர் ஆனவர். கணக்கில் தம்பிக்கு இருந்த ஆர்வத்தைக் கண்டு வளர்த்தவர் அவர். இந்த அண்ணனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் அவரைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபின், மேலும் கணிதம் படிக்க வால்ட் வியன்னாவுக்குப் போக நினைத்தார். அந்நாளில் ஐரோப்பாவின் பெரிய கணித மேதைகள் பலர் அங்கே இருந்தார்கள்.

வியன்னாவில்

வியன்னா அவரைக் கைநீட்டி வரவேற்கவில்லை. யூதர் என்ற காரணத்தால் பல்கலைக்கழகத்தில் சேருவதில் சிக்கல் ஏற்பட்டது. சிறிது காலம் பொறியியல் படித்துக்கொண்டு காத்திருந்தார். 1927-ல்தான் பல்கலைக்கழகக் கணிதத் துறைக்குள் கால் வைத்தார்.

வடிவியலில் விருப்பம் என்று சொன்னதால், கார்ல் மெங்கர் என்ற இளம் பேராசிரியரிடம் அனுப்பினார்கள். மெங்கருக்கும் அப்போது 25 வயதுதான். ஜெர்மானியக் கணித மேதை ஹில்பர்ட், வடிவியலின் அடிப்படைகளைப் பற்றி எழுதிய நூலை வால்ட் தானாகவே படித்திருந்தார். அதில் கூறிய அடிப்படை விதிகளில் சிலவற்றை நீக்கலாம், சிலவற்றை எளிதாக்கலாம் என்று தாமே கண்டுபிடித்தும் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத இளைஞர் இப்படிப் பேசுவதைக் கேட்டு மெங்கர் வியந்தார்.

இடையில் ருமேனிய ராணுவத்தில் கட்டாய சேவை வந்தது. திரும்பி வந்த வால்ட், 1930-ல் ஆராய்ச்சிக்கு ஒரு புதிர் வேண்டும் என்று மெங்கரைக் கேட்டார். இரண்டு புள்ளிகளுக்கு இடையே ஒரு புள்ளி இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்லுகிறோம் என்பது மெங்கர் கொடுத்த புதிர். கேட்கச் சிறுபிள்ளைக் கேள்வி. விடை காண்பது கடினம். வால்ட் விரைவிலேயே அழகான விடையோடு வந்தார். வகுப்பில் உட்கார்ந்து படித்தவை மூன்றே பாடங்கள். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் உண்டு, பதவி இல்லை

பட்டம் வாங்கியவர் அடுத்து எதிர்பார்ப்பது பல்கலைக்கழக உத்தியோகம். அதற்கு வழியே இல்லை என்று மெங்கர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வால்ட் வெளிநாட்டார்; அதோடு யூதர். அன்றைய வியன்னாவில் இந்த இரண்டில் ஒன்றே போதும். தூய கணிதத்தை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது, கணிதம் பயன்படும் வேறு துறை ஒன்றையும் பார்த்துக்கொள் என்பது ஆசிரியரின் யோசனை.

சுற்றி வளைத்து ஆறுதல் சொல்லாமல், உள்ளதைச் சொல்லிவிட்டு, மாற்று வழியையும் காட்டிய ஆசிரியர் கிடைத்தது வால்டின் நல்ல காலம். மெங்கர் சும்மா இருக்கவில்லை. கார்ல் ஷ்லெசிங்கர் என்ற வங்கித் தொழிலதிபரிடம் வால்டை அனுப்பினார். பொருளாதாரத்தில் ஈடுபாடு கொண்ட அவர், தமக்குக் கணிதம் கற்பிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். டாக்டர் பட்டம் பெற்ற வால்ட் ட்யூஷன் வாத்தியார் ஆனார்.

அந்த ட்யூஷனிலிருந்து ஒரு பெரிய காரியம் பிறந்தது. சந்தையில் எல்லாப் பொருள்களின் விலைகளும் ஒரே சமயத்தில் ஒரு நிலைக்கு வந்து நிற்க முடியுமா என்பது பொருளாதார அறிஞர்கள் வெகுகாலமாக விவாதித்த கேள்வி. முடியும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். கணித முறைப்படி நிரூபித்தவர் இல்லை. மாணவராக வந்த வங்கியாளர் கிளப்பிய கேள்விகளைப் பற்றிக்கொண்டு, 1930-களின் நடுவில் வால்ட் அதற்கு நிரூபணம் கொடுத்தார். இன்றும் பொருளாதாரப் பாட நூல்கள் இதைக் கூறுகின்றன.

பிறகு ஆஸ்கர் மார்கன்ஸ்டர்ன் என்பவர், தாம் நடத்திய வணிக நிலை ஆராய்ச்சி நிலையத்தில் வால்டுக்கு வேலை கொடுத்தார். பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் விலை, உற்பத்திக் கணக்குகளிலிருந்து, அந்தப் பருவ மாறுதலைப் பிரித்தெடுப்பது எப்படி என்று ஆராய்ந்து 1936-ல் ஒரு நூல் எழுதினார். வடிவியல் படித்தவர், வயிற்றுப் பிழைப்புக்காகப் புள்ளிவிவரங்களின் பக்கம் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

உயிர் காத்த அழைப்பு

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தன. அன்றே ஷ்லெசிங்கர் தற்கொலை செய்துகொண்டார். வால்ட் வேலையை இழந்தார்.

அந்த நேரத்தில் அமெரிக்காவில் இருந்து ஓர் அழைப்பு வந்தது. பொருளாதாரத்தைக் கணித முறையில் ஆராயும் கவுல்ஸ் குழு என்ற நிறுவனம், வால்டைத் தன் ஆராய்ச்சியாளராக அழைத்தது. 1938 கோடையில் அவர் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு ஹோட்டலிங் என்ற புள்ளியியல் பேராசிரியரோடு சேர்ந்து பணியாற்றும் வாய்ப்பும் கிடைத்தது.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருந்தால் வால்ட் வியன்னாவில் வடிவியல் பேராசிரியராக இருந்திருப்பார். பொருளாதாரத்தின் பக்கம் வந்தே இருக்கமாட்டார். அந்த அழைப்பும் வந்திராது. அதற்காக, நடந்ததெல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிட முடியாது. நடந்தது அநியாயம். அந்த அநியாயத்துக்கு நடுவிலும் அவர் கையில் இருந்த வேலையை நன்றாகச் செய்தார் என்பதுதான் நாம் சொல்லக்கூடியது.

36 வயதில் புதுப் பாடம்

அமெரிக்கா போனபோது வால்டுக்கு 36 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் நவீன புள்ளியியலை மாணவனைப் போல் முதலிலிருந்து படித்தார். மறு ஆண்டே, 1939-ல், அவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை புள்ளியியலுக்கே ஒரு புதுப் பாதையைக் காட்டியது. கிடைத்த விவரங்களை வைத்து ஒரு முடிவு எடுக்கிறோம். முடிவு தவறானால் ஏதோ ஒரு நஷ்டம் வருகிறது. அந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவுக்கான விதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானக் கோட்பாடு என்று பின்னாளில் வளர்ந்தது இதுதான்.

1941-ல் லூசில் லாங் என்ற மங்கையை மணந்தார். ஒரு மகளும் ஒரு மகனும் பிறந்தார்கள்.

யுத்த காலத்தில் கொலம்பியாவில் ஒரு புள்ளியியல் ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டது. ராணுவமும் கடற்படையும் அனுப்பும் கணக்குகளைத் தீர்ப்பது அதன் வேலை. ஆலன் வாலிஸ் அதை நடத்தினார். பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மில்டன் ஃப்ரீட்மனும் அதில் இருந்தார். வால்டும் சேர்க்கப்பட்டார். ஆனால் சட்டப்படி அவர் எதிரி நாட்டுப் பிரஜை. ரகசியக் காகிதங்களைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் கணக்கை எழுதி முடித்த உடனே, அந்தத் தாளை அவரே படித்துவிடாதபடி காரியதரிசிகள் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று சக ஊழியர்கள் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார்களாம்.

மூன்றாவது பதில்

1943-ல் அந்தக் குழுவுக்கு ஒரு சிக்கல் வந்தது. வெடிகுண்டு தளவாடங்களைச் சோதிக்க, இத்தனை குண்டுகளைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிக்கையை நிர்ணயித்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கில் சுட வேண்டியிருக்கும். அனுபவமுள்ள அதிகாரி பக்கத்தில் நின்றால், கொஞ்சம் சுட்ட உடனேயே சரக்கு நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரிந்துவிடும். மீதியைச் சுடுவது வீண். இந்த அனுபவ அறிவை ஒரு கணித விதியாக மாற்ற முடியுமா என்பது கேள்வி.

வாலிசும் ஃப்ரீட்மனும் யோசித்துப் பார்த்து, வால்டிடம் கொண்டுபோனார்கள். முதலில் வால்டுக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. இரண்டொரு நாளில் தொலைபேசியில் கூப்பிட்டு, முடியும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் தொடர் முறைப் பகுப்பாய்வு.

அதன் முறை எளிது. ஓர் உதாரணம். ஒரு வண்டி நிறைய பல்புகள் வந்திருக்கின்றன. நூறு பல்பை எடுத்துச் சோதிப்பது பழைய வழக்கம். வால்டின் முறையில் ஒவ்வொரு பல்பாக எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குப் பின்னும், இதுவரை கண்டது நல்ல சரக்குக்குப் பொருந்துகிறதா, கெட்ட சரக்குக்குப் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும். கணக்கு மேல் எல்லையைத் தாண்டினால் ஒரு முடிவு. கீழ் எல்லையைத் தாண்டினால் மற்றொரு முடிவு. இரண்டுக்கும் நடுவில் இருந்தால், இன்னும் ஒரு பல்பை எடு என்பதுதான் பதில். இப்படிச் செய்தால், அதே அளவு நம்பகத்துடன், பல சமயங்களில் ஏறக்குறையப் பாதிச் சோதனையிலேயே முடிவு கிடைத்துவிடும்.

ஏற்றுக்கொள், தள்ளிவிடு என்ற இரண்டு பதில்களே இருந்த இடத்தில், இன்னும் போதுமான விவரம் இல்லை, தொடர்ந்து பார் என்ற மூன்றாவது பதிலுக்கும் வால்ட் கணக்கிலே இடம் கொடுத்தார். யுத்தம் முடியும் வரை இந்த முறை வெளியிடப்படாமல் இருந்தது. 1945-ல் கட்டுரையாகவும் 1947-ல் நூலாகவும் வந்தது. தொழிற்சாலைகளில் தரச் சோதனைக்கும், புது மருந்துகளைச் சோதிக்கும்போது எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்வதற்கும் இந்தக் கருத்து இன்றும் அடிப்படையாக இருக்கிறது.

திரும்பி வராத விமானங்கள்

வால்டின் பெயரைப் பாமர மக்களிடமும் கொண்டுபோனது, குண்டு வீச்சு விமானங்களைப் பற்றிய கணக்கு. எதிரி நாட்டின் மேல் பறந்துவிட்டுத் திரும்பும் விமானங்களில் குண்டு பாய்ந்த ஓட்டைகள் இருக்கும். எந்த இடத்தில் ஓட்டைகள் அதிகமோ அந்த இடத்துக்குக் கவசத் தகடு போடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் நாம் பார்ப்பது திரும்பி வந்த விமானங்களை மட்டுமே. விழுந்த விமானங்களில் எங்கே அடிபட்டது என்று யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்தவற்றில் ஓரிடத்தில் ஓட்டைகள் அதிகம் என்றால், அங்கே அடிபட்டாலும் விமானம் தாங்கும் என்றுதான் அர்த்தம். எந்த இடத்தில் ஓட்டை குறைவோ, அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும்.

1943-ல் வால்ட் எழுதிய குறிப்புகளில் ஒரு மாதிரிக் கணக்கு வருகிறது. 400 விமானங்கள் போயின என்று வைத்துக்கொள்வோம். 320 விமானங்கள் காயமின்றி வந்தன. ஓர் அடி பட்டுத் திரும்பியவை 32. இரண்டு அடி பட்டவை 20. மூன்று அடி பட்டவை 4. நான்கு பட்டவை 2. ஐந்து பட்டவை 2. ஆக, திரும்பியவை 380. வராதவை 20. இந்த 20-ஐப் பற்றி ஒரு விவரமும் கையில் இல்லை. திரும்பி வந்தவற்றின் கணக்கை வைத்துக்கொண்டே, வராதவற்றுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று வால்ட் கணக்கிட்டார். எஞ்சின், உடற்பகுதி, எரிபொருள் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பிரித்தும் எழுதினார்.

தளபதிகள் தவறான இடத்தில் கவசம் போடப் போனார்கள், வால்ட் எழுந்து நின்று தடுத்தார் என்று இந்தக் கதையை இப்போது நாடகம் போலச் சொல்கிறார்கள். 1980-ல் மறுபடி அச்சிடப்பட்ட அந்தக் குறிப்புகளில் நாடகம் எதுவும் இல்லை. பக்கம் பக்கமாகக் கணக்குத்தான் இருக்கிறது.

ஊரில் இருந்து வந்த சேதி

வராதவர்களின் கணக்கு வால்டின் சொந்த வாழ்விலும் வந்தது. 1940-ல் குளூஜ் நகரம் மீண்டும் ஹங்கேரியின் கைக்குப் போயிருந்தது. 1944 மே மாதம் அந்த ஊர் யூதர்களை எல்லாம் ஒரு செங்கல் சூளை வளாகத்தில் அடைத்தார்கள். பிறகு ரயில்களில் ஏற்றி ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பினார்கள்.

வால்டின் பெற்றோரும் உடன்பிறந்தோரும் நாஜிகளின் கொடுமைக்குப் பலியானார்கள். வீட்டிலே உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணன் மார்ட்டினும் பிழைக்கவில்லை. ஹெர்மன் என்ற ஒரு சகோதரர் மட்டுமே தப்பி, அமெரிக்காவில் வால்டிடம் வந்து சேர்ந்தார்.

யுத்தத்துக்குப் பின் வால்ட் மேலும் கடுமையாக உழைத்தார். 1946-ல் கொலம்பியாவில் கணிதப் புள்ளியியலுக்குத் தனித் துறை தொடங்கியபோது, அவரே அதன் தலைவர் ஆனார். உத்தியோகம் இல்லை என்று வியன்னா சொல்லிய 15 ஆண்டுகளில், மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் அவர் இருந்தார். அவருடைய வகுப்புகள் தெளிவுக்குப் பெயர் பெற்றவை. சார்லஸ் ஸ்டைன் போன்ற பெரும் புள்ளியியலாளர்கள் அவரிடம் ஆராய்ச்சி செய்து உருவானவர்கள். 1950-ல் தீர்மானக் கோட்பாடு பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது.

அந்த ஆண்டின் முடிவில்தான் மனைவியோடு இந்தியப் பயணம். நூல் வெளிவந்து அதன் மை காய்வதற்குள், கோத்தகிரி மலையில் எல்லாம் முடிந்தது. வீட்டில் விட்டுவந்த குழந்தைகளில் மகன் ராபர்ட்டுக்கு அப்போது மூன்று வயது. அந்தச் சிறுவன் பின்னாளில் சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் உலகறிந்த பேராசிரியர் ஆனார்.

நம் பிள்ளைகளுக்கு

இந்த வாழ்க்கையைச் சொல்லிவிட்டு, வால்டையும் ஒதுக்கினார்கள், அவர் ஜெயித்தார், ஆகவே நீயும் ஜெயிப்பாய் என்று பிள்ளையிடம் சொன்னால், அது தவறான கணக்கு. தவறு என்று காட்டியவரே வால்ட்தான். ஜெயித்தவர்களின் வரலாறு மட்டுமே அச்சில் வருகிறது. அவை திரும்பி வந்த விமானங்கள். மார்ட்டின் எழுதியிருக்கக்கூடிய புத்தகம் எந்த நூலகத்திலும் இல்லை.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. கிடைத்த நான்கு பதில்களை மட்டும் வைத்துக்கொண்டு, தன் தகுதி இவ்வளவுதான் என்று பிள்ளை முடிவு கட்டுவதும் தவறு. ரயிலில் ஒரு தூங்கும் பெட்டியில் 72 படுக்கைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 73-வதாக வருபவருக்கு இடம் இல்லை. அவர் பயணத்துக்குத் தகுதி இல்லாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெட்டி நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். மேற்படிப்புக்கு இடம் மறுப்பதிலும் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான். நம்முடைய மதிப்பெண் கொஞ்சம் குறைந்தும் இருக்கலாம். எடுத்துச் சொன்ன விதம் போதாமலும் இருக்கலாம். எது காரணம் என்று அந்தக் கடிதத்தில் எழுதியிருப்பதில்லை. எழுதாத காரணத்தை நாமே எழுதிக்கொண்டு நம்மை நோகடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

மனு நிராகரிக்கப்பட்ட ஆண்டில் என்ன செய்யலாம்? வால்ட் செய்ததைச் செய்யலாம். உள்ளதை உள்ளபடி சொல்லும் ஓர் ஆசிரியரிடம் போய், எது குறை, வேறு என்ன வழி என்று கேட்கலாம். கிடைத்த வேலை ட்யூஷனாக இருந்தாலும், ஏதோ ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பதாக இருந்தாலும், அதில் தன் பாடத்தை விடாமல் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டு மனுப் போடும்போது ஒரே வகைப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் போடாமல், பெரியது, நடுத்தரம், உள்ளூர் என்று பரவலாகப் போடலாம். பக்கத்துத் துறை ஒன்றில் இடம் கிடைத்தால் அதையும் யோசிக்கலாம். வடிவியலில் தொடங்கியவர்தான் பொருளாதாரம் வழியாகப் புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. நான்காவது கடிதத்தையும் பிள்ளை தைரியமாகக் காட்டும்படி வீட்டை வைத்திருக்க வேண்டும். இடம் இல்லை என்ற பதிலைத் தோல்வி என்று தீர்ப்பெழுதாமல், வால்டின் மூன்றாவது பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இன்னும் விவரம் போதாது. இன்னும் ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவே.

கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள், மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கோத்தகிரிப் பாதையில் ஏறினால், பள்ளிக்கூடம் போகாத அந்தக் கணக்கு மேதையின் கடைசிப் பயணம் முடிந்த மலைகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அங்கே நின்று அவர் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.